பெண்கள் ஐக்கியத்தில் ஒரு கைவேலை மாலை: எங்கே தொடங்குவது, எதை விட்டுவிடுவது

"அடுத்த மாதம் கொஞ்சம் வித்தியாசமாக ஏதாவது செய்வோமே" என்று சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் யாரோ சொல்ல, எல்லாரும் உங்கள் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டார்களா? சரி, பயப்பட வேண்டாம். ஆனால் முதல் வேலையாக அலங்காரப் படங்களைத் தேடிக்கொண்டு உட்காராதீர்கள். ஒரு தாளை எடுத்து, அன்று வரக்கூடிய சகோதரிகளின் பெயர்களை எழுதுங்கள். தவறாமல் வருகிறவர்கள், எப்போதாவது வருகிறவர்கள், கூப்பிட்டும் வராதவர்கள் என்று மூன்று வகையினரையும் சேர்த்துத்தான். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் தெரிந்ததைக் குறித்துக்கொள்ளுங்கள். இவருக்கு முழங்கால் வலி, தரையில் உட்கார முடியாது. இவருக்குக் கைக்குழந்தை. இவர் கணவரை இழந்து ஆறு மாதம்தான் ஆகிறது. இவர் சபைக்குப் புதிது, இன்னும் யாரோடும் பேசிப் பழகவில்லை. இவருக்கு எழுதப் படிக்கக் கூச்சம். மேஜை வேண்டுமா பாய் போதுமா, எத்தனை மணிக்குத் தொடங்குவது, எந்தக் கருப்பொருள், எந்தக் கைவேலை, எல்லாவற்றையும் தீர்மானிக்கப் போவது இந்தத் தாள்தான். நான் இன்றுவரை இந்தத் தாள் இல்லாமல் ஒரு மாலையையும் திட்டமிடுவதில்லை.

கைவேலை எதற்கு, ஒரு பிரசங்கமும் பாட்டும் போதாதா என்று சிலர் கேட்பார்கள். வட்டமாக உட்கார வைத்து "உங்கள் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள், எப்போதும் பேசுகிற நான்கு பேர்தான் பேசுவார்கள். அதே பெண்களின் கையில் ஊசியும் துணியும் கொடுத்தால் கண் துணியில் இருக்கும், எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்ற கூச்சம் போய்விடும், பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சு தானாக வரும். இரண்டு வருடம் பின்வரிசையிலேயே உட்கார்ந்திருந்த ஒருவர் பொத்தான் தைத்துக்கொண்டே தன் அம்மாவின் வியாதியைப் பற்றிச் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்கத்தான் இவ்வளவு ஏற்பாடும். அதனால் எதைச் சேர்க்கலாம், எதை விடலாம் என்று குழப்பம் வரும்போதெல்லாம், இது பேச்சுக்கு உதவுமா, கெடுக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் பொறுப்பெடுத்த முதல் மாலையில் அப்படிக் கேட்டுக்கொள்ளவில்லை. வாழ்த்து அட்டை, கண்ணாடி ஜாடியில் ஓவியம், வசனம் எழுதிய புத்தகக்குறி என்று மூன்று கைவேலைகளை வைத்தேன். ஜாடியில் அடித்த வண்ணம் காயவில்லை, பசை ஒட்டவில்லை, ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு மாறுவதிலேயே பாதி நேரம் போனது, கடைசியில் ஜெபத்துக்கு ஐந்து நிமிடம்கூட மிஞ்சவில்லை. மகனுக்காக ஜெபிக்கச் சொல்ல வேண்டும் என்று வந்திருந்த ஒரு அக்கா, சொல்லாமலே வீட்டுக்குப் போனார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து ஒரு மாலைக்கு ஒரே கைவேலை என்பதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

கருப்பொருள்

"அன்பு", "நம்பிக்கை", "மகிழ்ச்சி" மாதிரிப் பெரிய சொற்களைக் கருப்பொருளாக வைக்காதீர்கள். அவற்றுக்குள் எதையும் போடலாம் என்பதால் எதுவுமே ஒட்டாது. வேதத்தில் இருந்து ஒரு பெண்ணை, ஒரு சம்பவத்தை எடுங்கள். அந்தச் சம்பவத்தில் ஒரு பொருள் இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் கைவேலை அந்தப் பொருளிலிருந்தே வந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது தொற்காள். அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரம், 36 முதல் 42 வரை ஏழே வசனங்கள். யோப்பா பட்டணத்தில் இருந்தவள். தபீத்தாள் என்பதும் அவள் பெயர்தான், இரண்டுக்கும் ஒரே பொருள், மான். தமிழ் வேதாகமம் அவளை "சீஷி", அதாவது பெண் சீடர், என்று சொல்கிறது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் சீஷன் என்ற சொல்லின் பெண்பால் வருவது இந்த ஓர் இடத்தில் மட்டும்தான். அவள் இறந்துபோனதும் விதவைகள் அப்போஸ்தலனாகிய பேதுருவைச் சுற்றி நின்று அழுதுகொண்டே, அவள் செய்து கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் காட்டுகிறார்கள். கவனித்துப் பார்த்தால், தொற்காள் பேசிய ஒரு வார்த்தைகூட அந்தப் பகுதியில் இல்லை, அவளுக்காகப் பேசுவது அவள் தைத்த துணிதான். மேடை ஏறத் தயங்குகிற, ஜெபிக்கச் சொன்னால் தலை குனிகிற சகோதரிகள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள், அவர்கள் முன்னால் இந்தப் பகுதியை வாசிக்கும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

வேறு சில யோசனைகளும் உண்டு. லூக்கா 15-இல் பத்து வெள்ளிக்காசில் ஒன்றைத் தொலைத்த பெண், விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கித் தேடுகிறாள். கண்டதும் சிநேகிதிகளையும் அண்டை வீட்டுக்காரிகளையும் கூப்பிடுகிறாள். விளக்கு செய்வதும் காசு தேடுகிற விளையாட்டும் அதிலேயே இருக்கின்றன, பிள்ளைகளும் அம்மாக்களும் சேர்ந்து வருகிற மாலைக்கு இது பொருந்தும். பிள்ளை இல்லாமல் அழுது ஜெபித்துப் பெற்ற சாமுவேலை ஆலயத்தில் விட்டிருந்த அன்னாள், வருஷந்தோறும் அவனுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோனாள் என்று 1 சாமுவேல் 2:19 சொல்கிறது. பிள்ளைகளைத் தூரத்தில் விட்டிருக்கிற தாய்மார் அதிகம் இருக்கும் ஐக்கியத்தில் அதை எடுக்கலாம், ஆனால் குழந்தைக்காக ஏங்கிக்கொண்டிருப்பவர் உங்கள் தாளில் இருந்தால் யோசித்து எடுங்கள். ரூத்தின் புத்தகம் நான்கே அதிகாரம், 85 வசனம். நகோமி, ரூத், போவாஸ், கதைசொல்லி என்று குரல்களைப் பிரித்துக் கொடுத்தால் ஒரே மூச்சில் முழுவதையும் வாசித்து முடித்துவிடலாம், வேறு நிகழ்ச்சியே தேவைப்படாது. இயேசு வீட்டுக்கு வந்தபோது பரிமாறும் வேலையில் அலைந்த மார்த்தாளையும், அவர் பாதத்தருகே உட்கார்ந்து கேட்ட அவள் சகோதரி மரியாளையும் வைத்து, யாரும் எந்த வேலையும் செய்யாமல் உட்கார்ந்து ஓய்வெடுக்கிற ஒரு மாலையும் நடத்தலாம், அன்றைக்குப் பரிமாறுவதை ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும். மார்ச் மாதம் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. மார்ச் முதல் வெள்ளி உலக ஜெப நாள். 1927 முதல் உலகளவில் நடந்து வருகிறது. ஒவ்வொரு வருடமும் ஒரு நாட்டுப் பெண்கள் ஆராதனை முறைமையை எழுதிக் கொடுக்கிறார்கள், அந்த நாடே உங்களுக்குக் கருப்பொருள்.

ஒரு மாலையை முழுவதுமாகப் பார்ப்போம்

தொற்காள் மாலையையே எடுத்துக்கொள்கிறேன். கைவேலை, நாடா கோர்த்த துணிப்பை. திடீரென்று ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, மாற்றுத் துணிகூட இல்லாமல் படுத்திருக்கும் பெண்களுக்கு, சோப்பு, சீப்பு, சின்னத் துண்டு, பல்துலக்கி, பற்பசை போட்டுக் கொடுப்பதற்காக. யாருக்குக் கொடுக்கப் போகிறோம் என்பதை முதலில் பேசி முடித்துவிடுங்கள். அந்த ஆஸ்பத்திரியிலோ காப்பகத்திலோ போய், எதை வாங்கிக்கொள்வார்கள், எதை வாங்கமாட்டார்கள், யாரிடம் ஒப்படைப்பது என்று கேட்டுவிட்டுத்தான் துணி எடுக்கப் போகவேண்டும்.

30 பேருக்குக் கணக்கு இது. ஒரு பைக்கு 25 செ.மீ. அகலம், 65 செ.மீ. நீளத்தில் ஒரு துண்டு. துணி 110 செ.மீ. அகலம் இருந்தால் குறுக்கே நான்கு துண்டு வரும். எட்டு வரிசை வெட்டினால் 32 துண்டு, 30 பைக்குப் போக இரண்டு கைவசம். அதற்கு 5.20 மீட்டர் ஆகும், பருத்தித் துணி துவைத்தால் சுருங்கும் என்பதால் 6 மீட்டர் எடுத்து, முதலில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிட்டு வெட்டுங்கள். நாடா ஒரு பைக்கு 60 செ.மீ., மொத்தம் 20 மீட்டர் வாங்கினால் போதும்.

இப்போது முக்கியமான விஷயம். முழுப் பையையும் அன்றைக்கே கையால் தைப்பது என்று வைத்தால் பாதிப் பேர் முடிக்கமாட்டார்கள், முடிக்காத பையோடு வீட்டுக்குப் போகிறவர் மனதில் "எனக்கு இதெல்லாம் வராது" என்பதுதான் மிஞ்சும். அதனால் தையல் மெஷின் வைத்திருக்கும் இரண்டு மூன்று சகோதரிகளிடம் முந்தின வாரமே கொடுத்து, துண்டை இரண்டாக மடித்து, இரு பக்கமும் 1.5 செ.மீ. உள்ளே தள்ளித் தைத்து வாங்கிவிடுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் மேலிருந்து 5 செ.மீ. தைக்காமல் விடச் சொல்லுங்கள், நாடா நுழைகிற வாசல் அது. அன்று மாலை செய்ய வேண்டியது வாய்ப்பக்கம் மட்டும். முதலில் ஒரு செ.மீ. மடித்து, அப்புறம் மூன்று செ.மீ. மடித்து, சுற்றி ஓட்டுத்தையல் (ஊசியை மேலும் கீழுமாக விட்டு எடுக்கிற சாதாரணத் தையல்) போட்டு, நாடா கோர்த்து முடிச்சுப் போட்டால் ஏறக்குறைய 22-க்கு 28 செ.மீ. அளவில் பை தயார். பேசிக்கொண்டே செய்தாலும் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். நாடாவின் முனையில் ஒரு ஊக்கைக் குத்தி, மடிப்புக்குள் விட்டு, துணியைச் சுருக்கிச் சுருக்கித் தள்ளிக்கொண்டே போனால் அடுத்த முனையில் ஊக்கு எட்டிப் பார்க்கும். தைக்கவே தெரியாது என்று வந்தவர்கள்கூட அந்த இடத்தில் குழந்தை மாதிரிச் சிரிக்கிறார்கள்.

ஊசி பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஒரு மாலையில் வயதான ஒரு அம்மா துணியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். களைப்பாக இருக்கிறார் போல என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன். கிட்டே போய் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், இடது கையில் ஊசி, வலது கையில் நூல், நூலின் நுனி நனைந்து நனைந்து பிரிந்து பஞ்சாகியிருந்தது. கண் தெரியவில்லை, கோர்த்துக் கொடுங்கள் என்று கேட்க மனம் வரவில்லை. இத்தனைக்கும் எங்கள் ஐக்கியத்தில் அவரைவிட நேராகத் தையல் போடக் கூடியவர் யாரும் இல்லை. அதற்குப் பிறகு எல்லா ஊசியையும் முன்கூட்டியே நூல் கோர்த்து, முடிச்சுப் போட்டு, ஒரு ஸ்பாஞ்சில் குத்தி வைத்துவிடுகிறோம். ஆளுக்கு இரண்டு, முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று, மொத்தம் 60. நூல் முழங்கை நீளத்துக்கு மேல் வேண்டாம், சிக்கிக்கொள்ளும். எல்லாருக்கும் கோர்த்தே வருவதால் யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. துணி வெளிர் நிறமானால் நூல் அடர்நிறமாக இருக்கட்டும், போட்ட தையல் கண்ணுக்குத் தெரியும். கூடத்தின் விளக்குகள் போதுமா என்று ஒரு நாள் இருட்டிய பிறகு போய் நீங்களே ஒரு வரி தைத்துப் பாருங்கள், பகலில் பார்த்தால் தெரியாது.

தையல் பிடிக்காதவருக்கும், கை நடுங்குகிறவருக்கும் வேறு வேலை ஒன்று எடுத்து வையுங்கள். பைக்குள் வைக்கிற அட்டையில் ஒரு வசனமும் இரண்டு வரி ஆறுதலும் எழுதுவது, சோப்பையும் சீப்பையும் எண்ணி அடுக்குவது, நாடா வெட்டுவது, இப்படி ஏதாவது. இதைத் "தைக்கத் தெரியாதவர்கள் இங்கே வாங்க" என்று ஒலிபெருக்கியில் அறிவிக்காதீர்கள். மேஜைப் பொறுப்பாளர் மெதுவாகப் பக்கத்தில் போய், "அக்கா, இதுக்கு ஆள் தேவைப்படுது, வர்றீங்களா?" என்று கேட்டால் போதும்.

மேஜைக்கு ஆறு பேர், அதற்கு மேல் வேண்டாம். எட்டு ஆனதுமே பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும், நடுவில் இருப்பவர் இரண்டிலும் சேராமல் தனித்துப் போவார். ஒரு மேஜைக்கு ஒரு பொறுப்பாளர். நன்றாகத் தைப்பவரைவிட நன்றாகக் கேட்பவராக இருப்பது முக்கியம். இருக்கைகளை முன்கூட்டியே தீர்மானித்துப் பெயர்ச் சீட்டு வையுங்கள், இல்லாவிட்டால் தோழிகள் தோழிகளோடு உட்கார்ந்துகொள்வார்கள், புதிதாக வந்தவர் கதவோரம் நிற்பார். இரண்டு வாரத்துக்கு முன்பே பொறுப்பாளர்களை மட்டும் கூப்பிட்டு ஒரு பையை ஆரம்பம் முதல் கடைசி வரை செய்து பாருங்கள். எந்த இடத்தில் கை நிற்கிறது, எத்தனை கத்தரிக்கோல் வேண்டும் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும் (மேஜைக்கு ஒன்று என்பது போதாது, இரண்டு வேண்டும்).

இரண்டு மணி நேரம்

முதல் 20 நிமிடம் வருகைக்கு. வாசலில் ஒருவர் நின்று பெயர் சொல்லி வரவேற்று மேஜை வரை கூட்டிப்போய் உட்கார வைக்கட்டும். பிறகு எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாட்டு, ஐந்து நிமிடம். அப்புறம் வேதபகுதி வாசிப்பும் சின்ன தியானமும் 15 நிமிடம். இதில் கண்டிப்பாக இருங்கள், தியானம் கொடுப்பவரிடம் நேரத்தை முன்பே சொல்லி, அதைக் கைவேலைக்கு முன்னால் வையுங்கள். தைத்து முடித்துக் களைத்த பிறகு பிரசங்கம் என்றால் யார் காதிலும் ஏறாது, முன்னால் வைத்தால் தைக்கும்போது அதைப் பற்றியே பேசுவார்கள். கைவேலைக்கு 45 நிமிடம். அடுத்து 15 நிமிடம் சிற்றுண்டி, அதுவும் கைவேலை முடிந்து துணியெல்லாம் எடுத்து வைத்த பிறகு, கறை பட்டால் அந்தப் பையைக் கொடுக்க முடியாது. கடைசி 20 நிமிடம் ஜெபம். நேரம் இழுத்துக்கொண்டு போனால் சிற்றுண்டியைக் குறையுங்கள், பையைக்கூட முடிக்காமல் விடுங்கள், இந்த இருபது நிமிடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

தைக்கும்போது பேச்சைத் தொடங்கிவைக்க மேஜைக்கு ஒரு கேள்வி போதும். "யாரோ கையால் செய்து கொடுத்த பொருள் ஏதாவது இன்னும் உங்களிடம் இருக்கிறதா?" என்று நாங்கள் கேட்டோம். படித்தவர், படிக்காதவர், மணமானவர், ஆகாதவர், எல்லாரிடமும் இதற்குப் பதில் இருந்தது. பாட்டி தைத்துக் கொடுத்த போர்வை, அப்பா செதுக்கிக் கொடுத்த மரப்பெட்டி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. "எத்தனை பிள்ளைகள்?", "வீட்டுக்காரர் என்ன செய்கிறார்?" என்ற கேள்விகளை முழுவதுமாகத் தவிர்த்துவிடுங்கள். கேட்பவருக்கு அது வெறும் அறிமுகம், ஒரு சிலருக்கு அந்த மாலையே அதோடு முடிந்துவிடும். பரிசு கொடுக்கிற போட்டிகளும் எனக்கு உடன்பாடில்லை. யார் பை அழகு என்று தேர்ந்தெடுத்தால் மீதி இருபத்தொன்பது பேரும் தங்கள் பையைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

ஜெப நேரத்தில் மேஜையில் இருக்கும் ஆறு பேரும் அப்படியே ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கட்டும். சத்தமாக ஜெபிக்க விருப்பமில்லாதவர் பக்கத்தில் இருப்பவரின் கையைத் தொட்டால் அவர் தொடர்வார் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தைத்த பைகளை நடுவில் வைத்து, அதை வாங்கப் போகிற, பெயர் தெரியாத பெண்களுக்காகவும் ஜெபியுங்கள். அந்த மேஜையில் சொல்லப்பட்டது அந்த மேஜையோடு நிற்கவேண்டும். ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் அது வாட்ஸப் குழுவுக்குப் போனால், சொன்னவர் அடுத்த முறை வாய் திறக்கவே மாட்டார். படம் எடுப்பதற்கும் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள், கைகளையும் பைகளையும் மட்டும் எடுத்தால் யாருக்கும் சங்கடம் இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேதியைப் போதகரிடம் பேசி சபை நாட்காட்டியில் ஆறு வாரத்துக்கு முன்பே எழுதிவிடுங்கள். செலவை ஐக்கியக் காணிக்கையிலிருந்து எடுங்கள், போதாவிட்டால் விருப்பமுள்ளவர்களிடம் தனியாகக் கேளுங்கள், வாசலில் மேஜை போட்டுப் பணம் வசூலித்தால் கையில் இல்லாதவர்கள் ஏதோ ஒரு காரணம் சொல்லி வராமல் இருந்துவிடுவார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அடுத்த அறையில் இரண்டு பேர் வேண்டும், அந்த இருவரும் மாலை முழுவதையும் இழக்காதபடி பாதியில் ஆள் மாற்றுங்கள். இரவு யார் யாரோடு வீட்டுக்குப் போகிறார்கள் என்பதை முதலில் எழுதிய அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி இல்லாதவர் "எப்படித் திரும்பிப் போவது" என்ற கவலையிலேயே எட்டு மணிக்கு எழுந்து நிற்பார்.

அந்த வாரத்துக்குள் பைகளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். போகும்போது பொறுப்பாளர்கள் மட்டும் போகாமல், தைத்தவர்களில் இரண்டு பேரையாவது கூட்டிப் போங்கள். நான் கூப்பிடுவது ஊசி கோர்க்க முடியாமல் இருந்த அந்த அம்மாவைத்தான். வராதவர்களுக்கு ஒரு போன், "ஏன் வரலை?" என்று கேட்காமல், "உங்களுக்கு ஒரு பைத்துண்டு எடுத்து வெச்சிருக்கேன், வீட்ல தெச்சுத் தர்றீங்களா?" என்று கேளுங்கள். கூடுதலாக வெட்டின அந்த இரண்டு துண்டும் இதற்கும் உதவும்.

அப்புறம் ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. கூடத்தைப் பூட்டும் முன் ஊசிகளைத் திரும்ப எண்ணுங்கள். 60 கொடுத்தால் 60 ஸ்பாஞ்சில் இருக்கவேண்டும். ஒன்று குறைந்தாலும் நாற்காலிகளை நகர்த்தி, தரை முழுவதும் காந்தம் வைத்துத் தேடிவிட்டுத்தான் போகவேண்டும், ஏனென்றால் ஞாயிறு காலை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் அந்தத் தரையில்தான் வெறுங்காலோடு ஓடுவார்கள்.